'பேட் டீச்சர்' பார்த்த பிறகு என்னிடம் ஓயாமல் கேட்கப்படும் கேள்விகள்

போன தீபாவளி விடுமுறையில் கானாடுகாத்தானில் என் நாத்தனார் வீட்டுப் பட்டாலையில், அதாவது கூடத்தில், ஆறு டீச்சர்கள் கூடியிருந்தோம். நாலு பேர் ஓய்வு பெற்றவர்கள், இரண்டு பேர் இன்னும் சர்வீஸில் இருப்பவர்கள். சென்னையிலிருந்து வந்திருந்த நாத்தனார் பேரன், "டீச்சரப் பத்தின படம் அப்பத்தா, உங்க செட்டுக்குப் பிடிக்கும்" என்று பெரிய டிவியில் ஒரு படத்தைப் போட்டுவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான். நடுவில் ஒரு தட்டில் மணகோலம், இன்னொரு தட்டில் சீப்புச்சீடை. கார் கழுவும் காட்சி வந்ததும் இரண்டு பேர் எழுந்து வீட்டின் உள்பக்கம், இரண்டாங்கட்டுக்குப் போனார்கள். அதில் ஒருவர் சீடைத் தட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு போனார். மீதி நாலு பேர் கடைசிவரை பார்த்தோம்.

அந்தச் செய்தி எப்படித்தான் பரவியதோ. காரைக்குடி, பள்ளத்தூர், தேவகோட்டை, எங்கே போனாலும் யாராவது கையைப் பிடித்து ஓரங்கட்டிக் கேட்கிறார்கள். கொப்புடையம்மன் கோயில் பிரகாரத்தில் வைத்துக்கூட ஒருவர் கேட்டார். தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

என்ன படம் டீச்சர் அது? பேரே தெரியாம எல்லாரும் பேசுறாக.

'பேட் டீச்சர்'. 2011 ஜூனில் வந்த ஹாலிவுட் படம். ஜேக் காஸ்டன் இயக்கியது. கேமரன் டயஸ்தான் அந்த டீச்சர். கூட ஜஸ்டின் டிம்பர்லேக், ஜேசன் சீகல், லூசி பஞ்ச். ஓடும் நேரம் ஒன்றரை மணிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். பாட்டு, சண்டை, இடைவேளை எதுவும் கிடையாது. டிவிடியில் வெட்டில்லாத நீளமான பதிப்பு ஒன்றும் வந்தது. நாங்கள் பார்த்தது எது என்று பேரனைத்தான் கேட்க வேண்டும், அவனை யாரும் கேட்கவில்லை.

கதையச் சொல்லிடுங்க, நான் பாக்கப் போறதில்ல.

எலிசபெத் ஹால்சி ஏழாம் வகுப்பு டீச்சர். பணக்கார மாப்பிள்ளை கிடைத்துவிட்டான் என்று வேலையை விட்டுவிட்டுப் போகிறாள். இவளுக்கு நம் காசு மேல்தான் கண் என்று மாப்பிள்ளைக்குத் தெரிந்து, கல்யாணம் நின்றுபோகிறது. வேறு வழியில்லாமல் பழைய பள்ளிக்கே திரும்புகிறாள். வகுப்பில் படத்தைப் போட்டுவிட்டுக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு மேசையில் தலை வைத்துத் தூங்குகிறாள். நேற்றுக் குடித்ததற்கு இன்றைக்குத் தூக்கம்.

அவளுக்கு ஒரே லட்சியம், மார்பகத்தைப் பெரிதாக்கும் அறுவை சிகிச்சைக்குக் காசு சேர்ப்பது. அப்படி ஆனால் இன்னொரு பணக்காரன் அகப்படுவான் என்பது கணக்கு. வாட்ச் கம்பெனிக் குடும்பத்து வாரிசான ஒரு தற்காலிக ஆசிரியர் (டிம்பர்லேக்) வந்து சேர்கிறார், கண் அவர் மேல் விழுகிறது. மாணவர்கள் நடத்தும் கார் கழுவும் நிதி திரட்டலில் கையை வைக்கிறாள், பெற்றோரிடம் கை நீட்டுகிறாள். பிறகுதான், மாநிலத் தேர்வில் எந்த வகுப்பு அதிக மார்க் எடுக்கிறதோ அந்த டீச்சருக்கு 5,700 டாலர் ஊக்கத்தொகை என்று காதில் விழுகிறது. அன்றைக்குத்தான் முதன்முதலாகப் புத்தகத்தைத் திறக்கிறாள். அதுவும் போதாது என்று தெரிந்ததும் பத்திரிகைக்காரி வேஷம் போட்டு, தேர்வு நடத்தும் அதிகாரி ஒருவனை மயக்கி, அவன் குடிக்கும் பானத்தில் மருந்தைக் கலந்து, கேள்வித்தாளைக் கொண்டுபோய்விடுகிறாள். வகுப்பு முதலிடம். பணம் கையில்.

ஆபாசம்னு சொல்றாகளே, நெசமா? இல்ல சும்மா ஏத்திவிடுறாகளா?

நெசம்தான். பேச்சு பச்சைப் பச்சையாக இருக்கும். கெட்ட வார்த்தை, கஞ்சா, படுக்கைப் பேச்சு எல்லாம் உண்டு. கார் கழுவும் காட்சியில் அவள் குட்டைக் கால்சட்டையும் உயரக் குதிகால் செருப்புமாக நுரையில் நனைகிறாள். பின்பாதியில் டிம்பர்லேக்கோடு ஒரு காட்சி வருகிறது. இரண்டு பேரும் ஜீன்ஸைக் கழற்றாமலேயே எல்லாம் முடிந்துவிடும். அதைப் பார்த்துக் கூச்சப்படுவதா பரிதாபப்படுவதா என்று தெரியாமல் பட்டாலையில் நாலு பேரும் ஆளுக்கொரு தூணைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆனால் கிளுகிளுப்புக்காகப் பார்க்கப் போகிறவர்கள் ஏமாந்துதான் திரும்புவார்கள். அசிங்கமாகப் பேசுவது அதிகம், காட்டுவது குறைவு.

வீட்ல எல்லாரும் சேந்து உக்காந்து பாக்கலாமா?

வேண்டாம். அமெரிக்காவில் இதற்கு 'ஆர்' சான்றிதழ். 17 வயது ஆகாதவர்கள் பெற்றோரோ பெரியவரோ கூட வராமல் தியேட்டரில் பார்க்க முடியாது. நம் நாட்டில் இப்போது யுஏ என்பதையே 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரித்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் இந்தப் படம் அந்த மூன்றுக்கும் மேலே.

சின்னப் பிள்ளைகளைவிட, எழுபது வயது மாமியாரோடும் நாற்பது வயது மருமகனோடும் ஒரே பாயில் உட்கார்ந்து பார்ப்பதுதான் பெரிய தண்டனை. தனியாகப் பாருங்கள். இல்லை, எங்களைப் போல ஒரே வயதுக்காரர்கள் சேர்ந்து பாருங்கள்.

முப்பது வருஷம் டீச்சர் வேலை பாத்துட்டு இந்த மாதிரிப் படத்தைப் பாக்கலாமா நீங்க?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அவரிடம் திருப்பி ஒன்று கேட்டேன். "1983இல 'முந்தானை முடிச்சு' எங்க பாத்தீங்க அண்ணே?" கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "குடும்பத்தோடதான் பாத்தோம்" என்றார்.

அந்தப் படத்தின் நாயகனும் பள்ளிக்கூட வாத்தியார்தான். பாக்யராஜ். மனைவியை இழந்தவர், கையில் குழந்தை. எடுத்தது நம்ம ஏவி.எம். முருங்கைக்காய்க்கு அந்தப் படத்தால் வந்த பேர் இன்றுவரை போகவில்லை. அந்த வருஷம் சந்தையில் முருங்கைக்காய் கேட்டாலே காய்க்காரர் ஒரு மாதிரி சிரிப்பார். நானே கேட்டு மாட்டியிருக்கிறேன், அப்போது எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். வாத்தியாரையும் படுக்கையறை நகைச்சுவையையும் ஒரே படத்தில் வைத்து, ஊர் முழுக்கச் சிரித்து, வீட்டுக்கு வந்து முருங்கைக்காய்ச் சாம்பார் வைத்துச் சாப்பிட்டவர்கள் நாம். வெள்ளைக்காரி வந்துதான் நமக்குக் கெட்டதைச் சொல்லித்தர வேண்டுமா?

ஆனா அது ஆம்பள வாத்தியார். இது பொம்பள டீச்சர். வித்தியாசம் இருக்குல்ல?

இருக்கிறது. நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை.

நான் வேலை பார்த்த காலத்தில், மதியம் சாப்பிட்டதும் நாற்காலியைச் சுவரோரம் சாய்த்து, கைக்குட்டையை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிய ஆண் ஆசிரியர்களை எண்ணினால் இரண்டு கையும் போதாது. வகுப்புத் தலைவன் கரும்பலகையில் பேசியவர்கள் பெயரை எழுதிக்கொண்டிருப்பான். ஒருவர், காலையிலேயே வாடை அடிக்க வருவார். "சார் கொஞ்சம் அப்படித்தான், ஆனா கணக்குல புலி" என்று ஊரே அவருக்குப் பரிந்து பேசும். அதையே ஒரு பெண் செய்தால் மறுநாள் பெற்றோர் ஆசிரியர் கழகம் கூடிவிடும். வாத்தியார் தூங்கினால் அசதி, டீச்சர் தூங்கினால் நடத்தை சரியில்லை.

இந்தப் படத்தின் வேடிக்கையில் பாதி இங்கேதான் பிறக்கிறது. இத்தனை காலம் ஆம்பளைக்கு மட்டும் கிடைத்த சலுகையை ஒரு பொம்பளை யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொள்கிறாள்.

சிரிப்பு வந்துச்சா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க.

வந்தது. முதல் பாதியில் நிறைய. கட்டுரைத் தாள் திருத்தும்போது வாய்க்கு வந்ததையெல்லாம் சிவப்பு மையால் எழுதித் தள்ளுவாள். 'எத்தனை நாள் எழுத நினைத்தோம்' என்று சர்வீஸில் இருக்கும் ஒரு டீச்சர் முனகினார், பேர் சொல்லமாட்டேன். ஜிம்மில் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்துப் பாடத்தில் கேள்வி கேட்டு, தப்பாகச் சொன்னவன் மேல் பந்தை எறியும் காட்சியில் எனக்குப் புரையேறிவிட்டது.

பின்பாதி தொய்வு. காதல் எப்படி முடியும் என்பது விளையாட்டு ஆசிரியராக வரும் ஜேசன் சீகல் முதல் காட்சியில் வாயைத் திறந்தபோதே தெரிந்துவிடுகிறது. டால்பின் பைத்தியமாக ஒரு தலைமையாசிரியர் வருகிறார், ஒரு தடவை சிரிக்கலாம், நாலாவது தடவை முடியாது.

படம் ஓடுச்சா?

நன்றாகவே ஓடியது. சுமார் 2 கோடி டாலரில் எடுத்து, உலகம் முழுக்க 21 கோடி டாலருக்கு மேல் வசூல். விமர்சகர்கள் பாதிக்குப் பாதி திட்டினார்கள். 2014இல் இதையே டிவி தொடராக எடுத்து, ஒரே பருவத்தில் நிறுத்திவிட்டார்கள்.

டிம்பர்லேக்கும் அந்தம்மாவும் நெசத்துல காதலர்களாமே?

இருந்தார்கள். 2007இல் பிரிந்துவிட்டார்கள். பிரிந்து நாலு வருஷம் கழித்து இந்தப் படம். மேலே சொன்ன ஜீன்ஸ் காட்சியை இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் கூடுதல் சங்கடம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும், கிசுகிசுவுக்கு வேறு ஆளைப் பாருங்கள்.

நம்ம படத்துல எல்லாம் வாத்தியார்னா தெய்வம். அங்க ஏன் இப்படி எடுக்குறாக?

அங்கேயும் தெய்வ வாத்தியார் படங்கள் குவிந்து கிடக்கின்றன. உருப்படாத வகுப்புக்கு ஒருவர் வருவார், யாரும் நம்பாத பிள்ளைகளை நம்புவார், கடைசியில் எல்லாரும் பாஸ். நம்ம 'சாட்டை' 2012, 'ராட்சசி' 2019, அவையும் அந்தத் தடத்தில் வந்தவைதான். நான் அவற்றுக்கு எதிரி இல்லை. 'சாட்டை' பார்த்து அழுதிருக்கிறேன்.

எலிசபெத் வகுப்பில் போட்டுவிட்டுத் தூங்கும் படங்கள் என்ன தெரியுமா? அந்தத் தெய்வ வாத்தியார் படங்களேதான்! திரையில் ஒரு மகான் பிள்ளைகளைக் கரையேற்றிக்கொண்டிருப்பார், கீழே இவள் குறட்டை விடுவாள். படம் முழுக்க எனக்கு ரொம்பப் பிடித்த நகைச்சுவை இதுதான். இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, பின்னணியில் தானாக ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த மகான் படங்களில் வாத்தியாருக்கு வீட்டு வாடகை கிடையாது, முதுகு வலி கிடையாது, மாசக் கடைசி கிடையாது. எங்களுக்கு அதெல்லாம் உண்டு. ஒவ்வொரு செப்டம்பர் 5ஆம் தேதியும் மேடையில் ஏற்றி 'எழுத்தறிவித்தவன் இறைவனாகும்' என்று சொல்லி ஒரு சால்வையைப் போர்த்துவார்கள். ஆறாம் தேதி காலையில் கழிப்பறைச் சாவி எங்கே என்று எங்களிடம்தான் கேட்பார்கள். தெய்வமாக நடித்து அலுத்தவர்களுக்கு இந்தப் படம் ஒன்றரை மணி நேர விடுமுறை.

அந்த இன்னொரு டீச்சர் வில்லியா? எனக்கு அவ மேல பாவமாத்தான் இருந்துச்சு.

அவள் பேர் ஏமி ஸ்குவிரல், எலிசபெத்தோடு அதே பள்ளியில் வேலை பார்ப்பவள். அணில் என்று பேர் வைத்திருக்கிறார்கள், அணில் மாதிரியேதான் ஓடிக்கொண்டிருப்பாள். லூசி பஞ்ச் அற்புதமாக நடித்திருக்கிறார். என் கணக்கில் இந்தப் படத்தின் சிறந்த நடிப்பு அதுதான்.

இவளைப் பற்றித்தான் எனக்குப் பேச நிறைய இருக்கிறது. ஏமி நேரத்துக்கு வருகிறாள். முதல் நாளே பிள்ளைகளுக்குப் பாட்டுப் பாடி, ஆடி, பேர் மனப்பாடம் பண்ணுகிறாள். வருஷா வருஷம் அந்த ஊக்கத்தொகையை உழைத்தே வாங்கியவள். எலிசபெத் தப்புச் செய்கிறாள் என்று அவள் சொல்வதெல்லாம் உண்மை. ஆனால் படம் என்ன செய்கிறது? அவளைக் கண்ணை உருட்டும் பைத்தியமாகக் காட்டுகிறது. எலிசபெத் அவளுக்குத் தரும் ஆப்பிளில் அரிப்புச் செடியைத் தேய்த்துவிடுகிறாள், முகமெல்லாம் கொப்புளம், நாம் சிரிக்கிறோம். கடைசியில் இருவர் மேசையும் மாறிப்போனதால் எலிசபெத்தின் போதைப்பொருள் ஏமியின் பொறுப்பில் அகப்படுகிறது. ஏமிக்கு இடமாறுதல். அதற்கும் சிரிக்கிறோம்.

நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் பக்கத்தில் இருந்த டீச்சர், "நாம எல்லாரும் ஏமிதானடி" என்றார். வண்ண அட்டை வெட்டி எழுத்து ஒட்டியவர்கள், ஆண்டு விழாவுக்குச் சொந்தக் காசில் சரிகைத்தாள் வாங்கியவர்கள், "ஏன் சார், அவங்க மட்டும் லேட்டா வராங்க?" என்று தலைமையாசிரியரிடம் போய்ப் புகார் சொல்லிக் கெட்ட பேர் எடுத்தவர்கள். ஸ்டாஃப் ரூமில் யாருக்கும் எங்களைப் பிடித்ததில்லை. பிள்ளைகளுக்கே பிடித்ததா என்பது சந்தேகம். உழைக்கிறவள் எரிச்சல் மூட்டுவாள், ஏய்க்கிறவளைப் பார்த்தால் பொழுது போகும். படம் அதை உள்ளபடி காட்டியிருக்கிறது, காட்டியதோடு ஏய்க்கிறவள் கட்சியிலும் சேர்ந்துவிட்டது. எனக்கு அந்த இரண்டாவதுதான் உறுத்தல்.

குடிக்கிறா, கஞ்சா அடிக்கிறா, வாயத் தொறந்தா கெட்ட வார்த்தை. இதுல எது டீச்சர் ரொம்ப மோசம்?

இவை எதுவும் இல்லை. கதைச் சுருக்கத்தில் ஒரு வரி சொன்னேன், கேள்வித்தாள் திருட்டு. அதுதான்.

இத்தனை மாதமாக எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்! குட்டைக் கால்சட்டையைப் பற்றிக் கேட்டார்கள், கெட்ட வார்த்தையைப் பற்றி, அந்த அறுவை சிகிச்சையைப் பற்றி. 'ஒரு டீச்சர் பொதுத்தேர்வுக் கேள்வித்தாளைத் திருடுகிறாளே' என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. இரண்டாங்கட்டுக்கு எழுந்துபோன இரண்டு பேரும் கால்சட்டைக்குத்தான் எழுந்துபோனார்கள். திருட்டுக் காட்சி வந்தபோது வாசற்படிக்குத் திரும்பி வந்து, கதவோரம் நின்று, "மாட்டிக்குவாளா?" என்று பதறினார்கள். மாட்டக்கூடாதே என்ற பதற்றம் அது.

அவள் பச்சையாகப் பேசுவதால் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வரும் கெடுதல் குறைவு, அதைவிட மோசமானதை அவர்கள் பஸ் ஸ்டாண்டில் கேட்பார்கள். படிக்காத பாடத்துக்கு முதலிடம் கிடைத்தால், 'நமக்கு வந்துவிட்டது' என்று நம்பி அடுத்த வகுப்புக்குப் போவார்கள். அங்கே அடி விழும்.

அதெல்லாம் காமெடிக்கு வச்சது. நெசத்துல எந்த டீச்சராச்சும் அப்படிச் செய்வாகளா?

படம் அமெரிக்காவில் வெளியானது 2011 ஜூன் 24. அடுத்த இரண்டு வாரத்துக்குள்ளேயே, ஜூலை முதல் வாரத்தில், அங்கே ஜார்ஜியா மாநிலத்தில் அட்லாண்டா நகரப் பள்ளிகளைப் பற்றிய விசாரணை அறிக்கை வெளியானது. 44 பள்ளிகளில் ஆசிரியர்கள், தலைமையாசிரியர்கள் என 178 பேர் மாநிலத் தேர்வில் முறைகேடு செய்ததாகச் சொன்னது அந்த அறிக்கை. பிள்ளைகள் எழுதி முடித்த விடைத்தாள்களில் தப்பான விடையை ரப்பரால் அழித்து, சரியானதைக் குறித்திருக்கிறார்கள். கூட்டமாக உட்கார்ந்துகூடச் செய்திருக்கிறார்கள். 2015இல் 11 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. அந்த நகரத்தின் பள்ளிகளுக்கெல்லாம் தலைவராக இருந்த அம்மையார் 2009இல் நாட்டிலேயே சிறந்த கல்வி நிர்வாகி என்று விருது வாங்கியவர்.

இத்தனை பேரும் பிறவிக் கள்வர்களா? அங்கே 2002இல் ஒரு சட்டம் வந்தது. மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை வருஷா வருஷம் மாநிலத் தேர்வு, மார்க் ஏறாத பள்ளிக்கு நடவடிக்கை. ஏறினால் பரிசு, இறங்கினால் வேலைக்கு ஆபத்து. பரிசையும் பயத்தையும் ஒரே தாளில் கட்டிவிட்டால் கை ரப்பரைத் தேடிப் போகத்தான் செய்யும். எலிசபெத்துக்குப் பயம் இல்லை, ஆசை மட்டும்தான். மற்றபடி அவளுக்கும் அவர்களுக்கும் கணக்கு ஒன்றுதான்.

நம்ம பக்கம் அப்படியெல்லாம் கிடையாதே டீச்சர்?

இதைக் கேட்டவர் ஒரு பள்ளித் தாளாளர். அவர் பள்ளி வாசலில் 'தொடர்ந்து நூற்றுக்கு நூறு தேர்ச்சி' என்று ஃபிளெக்ஸ் கட்டியிருந்தது. நான் சிரித்துவைத்தேன். ஒன்பதாம் வகுப்பிலேயே 'வேற ஸ்கூல் பாருங்க' என்று டிசி கொடுத்து அனுப்பப்பட்ட பிள்ளைகள் அந்த நூற்றில் சேர மாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளில் ஒரு வருஷம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு வேறொரு ஊர்ப் பள்ளிக்கு ஹால் சூப்பர்வைசராகப் போனேன். அன்றைக்கு அறிவியல். மணி அடித்து அரை மணி இருக்கும், அந்தப் பள்ளிக்காரர் ஒருவர் வாசலில் வந்து நின்று, "ரொம்ப வேக்காடா இருக்கும்மா, செத்த நேரம் வேப்பமரத்தடில காத்து வாங்குங்களேன்" என்றார். எனக்குப் புரிந்தது. புரிந்தும் போனேன். வெளியே நின்று திரும்பிப் பார்த்தால், தண்ணீர் வாளியும் டம்ளருமாக ஒருவர் பெஞ்சு பெஞ்சாகப் போகிறார். ஒவ்வொரு பெஞ்சிலும் டம்ளரை வைக்கும்போது உதடு அசைகிறது. ஒன்று ஆ, இரண்டு ஈ, மூன்று அ. ஒரு பிள்ளை மட்டும் காதைப் பொத்திக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தது. பத்து நிமிஷம் கழித்து உள்ளே போனேன். வாளி காலியாகவில்லை, யாரும் தண்ணீர் குடித்திருக்கவில்லை.

நான் யாரிடமும் சொல்லவில்லை. வண்டிப்படி வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் ஏறினேன். மேலே 'நாங்கள் எல்லாரும் ஏமி' என்று எழுதினேனே, அன்றைக்கு நான் ஏமி இல்லை.

கடைசில அவளுக்குத் தண்டனையே இல்லையே. இது என்ன நியாயம்?

இல்லைதான். திருடியது வெளியில் வரவில்லை, வரவிடாமல் அந்த அதிகாரியின் அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டிவிடுகிறாள். அடுத்த வருஷம் அதே பள்ளியில் மாணவர்களுக்கு ஆலோசகராகிறாள். அறுவை சிகிச்சை வேண்டாம் என்று விடுகிறாள், பணக்கார வாரிசை விட்டு விளையாட்டு ஆசிரியரோடு சேர்கிறாள். திருந்திவிட்டாள் என்று படம் சொல்லப் பார்க்கிறது, பாதி மனசோடு.

நம்ம சினிமாவாக இருந்தால் கிளைமாக்ஸில் பிள்ளைகள் காலைப் பிடித்து அழுதிருப்பாள். அது இல்லாதது எனக்கு ஆறுதல். ஆனால் ஆலோசகர் வேலைக்கு அவள் ஒருவகையில் பொருத்தம்தான். ஓர் அசட்டுப் பையன், தன்னை ஏறிட்டும் பார்க்காத பெண்ணை நினைத்து உருகுவான். அவனிடம் மற்ற டீச்சர்கள் பொய்யாக ஆறுதல் சொல்லும்போது, இவள் மட்டும் 'அவளை விட்டுத் தொலை' என்று உள்ளதைச் சொல்கிறாள். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். பையனின் மானத்தைக் காப்பாற்ற தன் உள்ளாடையைக் கழற்றிக் கொடுப்பதெல்லாம் எந்த ஊர் ஆலோசனை?

இதத் தமிழ்ல எடுத்தா நம்ம ஊர்லயே எடுக்கலாமே?

எடுக்கலாமே. 1940களில் காரைக்குடி தேவகோட்டை ரஸ்தாவில்தான் ஏவி.எம். ஸ்டூடியோவே இருந்தது. 1947இல் வந்த 'நாம் இருவர்' அங்கே எடுத்ததுதான். 1948இல்தான் கோடம்பாக்கத்துக்குப் போனார்கள். இன்றைக்கும் கானாடுகாத்தான் தெருக்களில் மாதத்தில் சில நாள் ஜெனரேட்டர் வண்டி நிற்கிறது. பெரும்பாலும் பண்ணையார் வீடு, இல்லையென்றால் பேய் வீடு. ஒரு தடவை பள்ளிக்கூடக் கதைக்கும் வரட்டும்.

ஆனால் தமிழில் எடுத்தால் இடைவேளைக்குப் பிறகு அவளுக்கு ஒரு சோகக் கதை வைத்துவிடுவார்கள். சின்ன வயசில் அப்பா விட்டுப் போனார், தம்பிக்கு ஆபரேஷன், அதற்குத்தான் பணம் என்று. ஒரு பெண் காரணமே இல்லாமல் சோம்பேறியாக இருக்கலாம் என்பதை நம் ஆட்கள் ஒத்துக்கொள்ள இன்னும் நாளாகும்.

டீச்சர், நான் உங்க பழைய ஸ்டூடண்ட். நீங்களும் ஒரு தடவ கிளாஸ்ல படம் போட்டீங்களே, மறந்துட்டீங்களா?

இதைக் கேட்டவன் இப்போது தேவகோட்டையில் கடை வைத்திருக்கிறான். சாமான் கட்டிக்கொண்டே கேட்டான், நான் பில்லைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறக்கவில்லை. அரைப் பரீட்சை முடிந்து லீவுக்கு இரண்டு நாள் இருந்தது. தாள் திருத்த வேண்டியது நூற்றுக்கும் மேல். வாடகை டிவியும் டெக்கும் எடுத்துவந்து, பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைப் போட்டுவிட்டுப் பின்பெஞ்சில் உட்கார்ந்து திருத்தினேன். நடுவில் கண் அசந்ததும் உண்மை. முக்கால் படத்தில் கரண்ட் போய்விட்டது. பிள்ளைகள் கத்தியதில் விழித்து, மீதிக் கதையை நானே நின்று சொல்லி முடித்தேன். கைதட்டினார்கள்.

அவன் போன வருஷம்தான் அந்தப் படத்தைக் கடைசிவரை பார்த்தானாம். "நீங்க சொன்ன முடிவு அதுல இல்லவே இல்ல டீச்சர்" என்கிறான். இருக்காது. நானும் அதைக் கடைசிவரை பார்த்ததில்லை.